குறைமாதத்தில் பிறந்த எங்கள் மகளைக் காத்துத் தந்தவர்களுக்கு

திருகோணமலை

அன்புக்கும் மதிப்புக்கும் உரியவர்களுக்கு,

இரத்த அழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறியதால், 30ஆவது கிழமையிலேயே என் மனைவிக்குச் சத்திரசிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. 1,240 கிராம் நிறையோடு பிறந்த எங்கள் மகள், 39 நாட்களின் பின் உப்புவெளியிலுள்ள வீட்டுக்கு வந்துவிட்டாள்.

பிரசவத்துக்கு முன்பே, பிள்ளையின் நுரையீரல் முதிர்வதற்காகத் தாய்க்கு ஸ்டீரொயிட் ஊசி ஏற்றி, அது வேலை செய்வதற்கென ஒரு நாள் காத்திருந்து, அந்த இரவு முழுவதும் அவளது அழுத்தத்தைக் கண்காணித்த மகப்பேற்று வைத்தியர்களுக்கு என் முதல் நன்றி.

மனைவி எழுந்து நடக்க முடியாதிருந்த முதல் இரண்டு நாட்களும், அவள் துளித்துளியாகப் பிழிந்து தந்த சீம்பாலைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு ஓடியவன் நான். மூக்கிலும் வாயிலும் குழாய்களோடு கிடந்தவளைத் தொட எனக்குப் பயமாக இருந்தது. திடீரென மூச்செடுக்க மறந்துவிடுவாள், கருவி அலறும், தாதி வந்து உள்ளங்காலைத் தேய்த்துவிடுவார். ஒக்சிசன் அளவு 78இலிருந்து 93க்கு ஏறும்வரை நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

அந்தத் தாதிதான், "அப்பா, கையைக் கழுவிக்கொண்டு வாங்கோ" என்று என்னை உள்ளே அழைத்தார். இத்தனை சிறிய பிள்ளையைத் தடவக்கூடாது, தோல் தாங்காது. ஒரு கையைத் தலையிலும் மறுகையைப் பாதங்களிலும் அசையாமல் வைத்திருக்க வேண்டும் என்று காட்டித் தந்தார். 12ஆம் நாள், என் சட்டைப் பொத்தான்களைக் கழற்றச் சொல்லி, பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துக் கிடத்தினார். கங்காரு முறைப் பராமரிப்புத் தாய்க்கு மட்டும் உரியதென்று நினைத்திருந்த எனக்கு, அந்த ஒரு மணி நேரத்தில் அவள் ஒருமுறைகூட மூச்செடுக்க மறக்காதது இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. தகப்பன்மாரை வாசலோடு நிறுத்திவிடாத அந்த மனத்துக்கு எப்படிக் கைம்மாறு செய்வேன்?

என் வகுப்புகளைப் பகிர்ந்துகொண்ட சக ஆசிரியர்களுக்கும் நன்றி.

வெளி வாங்கில் பழக்கமான கிண்ணியா நானாவையும் மறக்க முடியாது. அவருடைய மகனும் உள்ளேதான் இருந்தான். எல்லோரும் தாயையும் பிள்ளையையும் விசாரித்தபோது, "தம்பி, நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுத் தன் இடியப்பப் பொதியைப் பிரித்து வைத்தவர் அவர்.

கடைசியாக, தேசிக்காயளவு மஞ்சள் கம்பளித் தொப்பிகளைப் பின்னி அந்தப் பிரிவுக்குக் கொடுத்த, யாரென்று நாங்கள் அறியாத அம்மாவுக்கு: எங்கள் மகளுக்கு அது இப்போது போதாது. துவைத்து வைத்திருக்கிறோம், அடுத்த கிளினிக் நாளில் கொண்டுவந்து ஒப்படைப்போம்.

என்றும் நன்றியுடன்,
ஒரு தகப்பன்