அது இறுதிப் போட்டி அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில், 1980 குளிர்கால ஒலிம்பிக்கில் அமெரிக்க ஐஸ் ஹாக்கி அணி தங்கம் வென்ற கதையைச் சொல்லும் 'மிராக்கிள்' திரைப்படம் பற்றி வந்த கட்டுரையைப் படித்துவிட்டு இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். மனம் ஆறவில்லை. "இறுதிப் போட்டியில் கேப்டன் அடித்த ஒரே கோல் சோவியத் அணியை வீழ்த்தித் தங்கத்தைப் பெற்றுத் தந்தது" என்று எழுதியிருந்தீர்கள். ஒரே வாக்கியத்தில் இத்தனை பிழையா?

1980 பிப்ரவரி 22 அன்று, ஒலிம்பிக் நடந்த அமெரிக்காவின் லேக் பிளாசிட் ஊரில் சோவியத்துடன் நடந்தது இறுதிப் போட்டியே அல்ல. நான்கு அணிகள் ஆடிய பதக்கச் சுற்றில் புள்ளிகளை வைத்துத்தான் தங்கம் முடிவானது. சோவியத்தை 4-3 என்று வென்ற பிறகும் அமெரிக்கர்களுக்குத் தங்கம் கைக்கு வரவில்லை. இரண்டு நாள் கழித்துப் பின்லாந்துடன் ஆடி, 1-2 எனப் பின்தங்கி, கடைசி 20 நிமிடங்களில் மூன்று கோல் போட்டு 4-2 என வென்றார்கள். படத்தின் முடிவிலேயே பின்லாந்து ஆட்டம் சொல்லப்படுகிறது. தங்களுக்குத் தெரியாததா?

அதைவிட உறுத்தியது வேறொன்று. கட்டுரை முழுவதும் தேடினேன், அமெரிக்க அணியின் கோல்கீப்பர் ஜிம் கிரெய்க்கின் பெயரே இல்லை. அன்று சோவியத் வீரர்கள் கோலை நோக்கி அடித்தது 39 முறை, அமெரிக்கர்கள் அடித்தது 16 முறை. அந்த 39-இல் 36-ஐத் தடுத்தவர் கிரெய்க். கேப்டன் மைக் எருஸியோனி வெற்றிக் கோலைப் போட்டபோது ஆட்டம் முடிய இன்னும் பத்து நிமிடம் இருந்தது. அந்தப் பத்து நிமிடமும் கோலைக் காத்து நின்றவரைப் பற்றி எழுத ஒரு வரிகூடவா கிடைக்கவில்லை?

நான் 14 ஆண்டுகளாக மினசோட்டாவில் வசிக்கிறேன். அந்த அணியின் 20 பேரில் 12 பேர் இந்த மாநிலத்துப் பிள்ளைகள். பயிற்சியாளர் ஹெர்ப் புரூக்ஸ் பிறந்ததும் இங்கே செயின்ட் பாலில்தான். என் மகள் கோல்கீப்பர். காலை ஐந்தரை மணிக்கு, குளிரில் மரத்த விரல்களோடு, அவள் கால் காப்புகளின் வார்களை நான்தான் இழுத்துக் கட்டுகிறேன். போன மாதம் ஓர் ஆட்டத்தில் கழுத்துக்குக் கீழே அடி வாங்கி, உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போயிருந்தது. ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் கோல் போட்ட பெண்ணைத் தூக்கிக் கொண்டாடினார்கள். இவள் ஓரமாக உட்கார்ந்து ஈரக் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அந்த முகம் எனக்குத் தெரியும், ஐயா. அதனால்தான் எழுதுகிறேன்.

கட்டுரையில் ஆறு இடங்களில் "பந்து" என்று வருகிறது. ஐஸ் ஹாக்கியில் பந்து ஏது? அது பக். தட்டையான, கெட்டியான ரப்பர் வட்டு. உடன் அச்சிட்ட படமோ புல்தரை ஹாக்கி மட்டை. அமெரிக்க வீரர்களைக் "கத்துக்குட்டிகள்" என்றதையும் தவிர்த்திருக்கலாம். ஒலிம்பிக்குக்கு முன் நார்வேயுடன் 3-3 எனச் சமன் செய்த இரவில், அரங்கின் விளக்கை அணைத்த பிறகும் புரூக்ஸ் அவர்களைப் பனித்தளத்தில் சறுக்கி ஓட வைத்தார். ஒலிம்பிக்குக்குச் சில நாள் முன்பு நியூயார்க்கில் இதே சோவியத்திடம் 3-10 எனத் தோற்று, அதிலிருந்து மீண்டு வந்தவர்கள் அவர்கள். 1998 நாகனோ ஒலிம்பிக்கில் பெண்களுக்கு முதன்முறையாக ஐஸ் ஹாக்கி சேர்க்கப்பட்டு, அமெரிக்கப் பெண்கள் கனடாவை 3-1 என வென்று தங்கம் பெற்றார்களே, அதைப் பற்றி எழுதுங்கள் என்று மூன்று ஆண்டுகளுக்கு முன் கேட்டிருந்தேன். இன்றுவரை பதில் இல்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் ஒரு சிறு திருத்தம், அதில் கோல்கீப்பரின் பெயர். தங்கள் இதழை மகளுக்கு நான்தான் வாசித்துக் காட்டுவது வழக்கம். அந்தப் பக்கத்தை மட்டும் இன்னும் வாசிக்கவில்லை. திருத்தம் வந்ததும் இரண்டையும் சேர்த்து வாசித்துவிடலாம் என்று எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மினசோட்டாவிலிருந்து ஒரு வாசகி