பஞ்சு மாதிரி இருந்தால் பஞ்சாகிவிடுமா? நகராட்சி ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். சாக்கடையில் துணிப் பிசிறு அடைப்பதால், வாஷிங் மெஷின் உள்ள வீடுகள் 15 நாளில் வடிகட்டி பொருத்த வேண்டும் என்று தெருத்தெருவாக நோட்டீஸ் ஒட்டியிருக்கிறீர்கள். நல்ல காரியம்தான். ஆனால் வடிகட்டியில் சேரும் பிசிறை என்ன செய்வது என்று அதில் ஒரு வரி இல்லை.

பார்வைக்கு அது பஞ்சு, ஈரமாக வேறு இருக்கும். தூய்மைப் பணியாளர் அதை மக்கும் குப்பையில் வாங்கிக்கொள்கிறார். அவர்மீது தவறில்லை, அவருக்கு யாரும் சொல்லவில்லை. அங்கிருந்து உரக்கிடங்கு, பிறகு வயல். பருத்தி இழை மக்கிவிடும். நைட்டியிலும் சீருடையிலும் கலந்திருக்கும் பாலியஸ்டர் நுணுகுமே தவிர மக்காது. வாய்க்கால் வழியாகச் சுற்றிப் போகவேண்டியதை மூட்டை கட்டி நேரே நாற்றங்காலில் இறக்கவா வடிகட்டி? பிசிறை மக்காத குப்பையாகத் தனியே வாங்குங்கள். இதுதான் எங்கள் கோரிக்கை.

அடுத்து, எந்த வடிகட்டி? கடையில் கிடைக்கும் பெட்டி, பம்ப் வைத்துத் தண்ணீரைத் தள்ளும் மெஷினுக்கானது. கொல்லையில் நிற்கும் செமி ஆட்டோமேட்டிக்கில் பெரும்பாலும் பம்ப் கிடையாது. குழாயைத் தரையில் போட்டால் தண்ணீர் தானாக வடியும், மேடேறாது. அதன் வாயில் பழைய துணியைக் கட்டினால் இரண்டு மூன்று சலவையில் அடைத்து, குழாய் பிடுங்கிக்கொண்டு தரையெல்லாம் சோப்புத் தண்ணீர்.

இதற்கு ஏற்றது 20 லிட்டர் பெயின்ட் வாளி. அடிப்பக்கச் சுவரில் ஒன்றேகால் அங்குலக் குழாய், விளிம்புக்கு இரண்டு அங்குலம் கீழே வழிந்தோட ஒரு துளை. உள்ளே, ஸ்கிரீன் பிரிண்டிங் கடையில் விற்கும் நைலான் வலைத்துணியில் தைத்த பை. சென்டிமீட்டருக்கு 77 இழை உள்ள துணி போதும், கண் சுமார் 0.08 மில்லிமீட்டர்தான். பை வாளிச் சுவரில் ஒட்டினால் ஒட்டிய இடம் வடிக்காது. இரண்டு விரல் இடைவெளி விட்டு, அடியில் ஒரு சல்லடையைக் கவிழ்த்து வைக்கவேண்டும். போர் தண்ணீரின் உப்பும் சோப்பும் சேர்ந்து கண்ணை மூடும்போது எலுமிச்சை பிழிந்த வெந்நீரில் ஊறவைக்கலாம். பையைக் குழாயடியில் அலசவே கூடாது, பிடித்ததெல்லாம் மறுபடி சாக்கடைக்குத்தான் போகும். வீட்டுக்குள்ளேயே உலர்த்திச் சுரண்டி எடுக்கவேண்டும். ஆடிக் காற்றில் கொடியில் போட்டால் ஊர் முழுக்கப் பறக்கும்.

சிக்கல் எங்கே என்றால், இந்த வாளிக்குத் தண்ணீர் இறங்க மெஷினை ஒன்றரை அடி மேடையில் ஏற்றவேண்டும். ஏற்றினால் பாட்டிக்குக் கை எட்டாது. மேடை வேண்டாமென்றால் வாளியைக் குழித்தொட்டியில் இறக்கவேண்டும். அப்போது தெருச் சாக்கடை அந்தத் தொட்டியைவிடத் தாழ்வாக இருக்கவேண்டும். டெல்டாவில் நிலமே தட்டை. அதற்கு மேல் சாலைக்கு மேல் சாலை போட்டு வாசல்களைப் பள்ளமாக்கியது யார் என்று இங்கே கேட்கவில்லை. மட்டம் பார்த்து எந்தத் தெருவில் தொட்டி சரிவரும் என்று சொல்ல வேண்டியது உங்கள் பொறியியல் பிரிவு. அது 15 நாளில் முடியுமா?

6 கிலோ அக்ரிலிக் துணியை ஒருமுறை துவைத்தால் 7 லட்சம் இழைக்கு மேல் உதிரக்கூடும் என்று 2016-இல் பிளிமத் பல்கலைக்கழகத்தார் கணக்கிட்டது தாங்கள் அறிந்ததே. பிரான்ஸ் 2020-லேயே புது மெஷின்களில் வடிகட்டி வேண்டுமென்று சட்டம் போட்டது. இங்கே மெஷினில் மின்சாரத்துக்கு நட்சத்திரம் ஒட்டுகிறோம். பிசிறுக்கு ஒன்றும் இல்லை. கையில் மஞ்சப்பை, மெஷினில் பாலியஸ்டர்! சரி, அது உங்கள் கையில் இல்லை.

உங்கள் கையில் இருப்பது குப்பை வண்டி. அதில் பிசிறுக்கென்று மூடியுள்ள வாளி ஒன்றை மாட்டி, வாரம் ஒருநாள் தனியே வாங்கச் சொல்லுங்கள். மெஷினை நிறைத்துப் போட்டு, வெந்நீரைத் தவிர்த்தால் பிசிறு குறையும் என்று நோட்டீஸில் ஒரு வரி சேருங்கள். அந்த வாளி வரும்வரை 15 நாள் கெடுவைத் தள்ளிவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வாஷிங் மெஷின் பழுதுபார்ப்போர்