அண்ணாவுக்கு, 15,000 கிலோமீட்டர் பற்றி

அண்ணா,

நேற்று சாயங்காலம் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பென்ஸ். ஈ கிளாஸ், மூன்று வருடம் ஓடிய வண்டி. வேறு யாராவது போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவதற்குள் நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் பிள்ளைகள் தூங்கியபிறகு உட்கார்ந்து எழுதுகிறேன்.

போனில் சொல்லியிருக்கலாம். நீ எடுப்பாய், "நல்லா இருக்கியா, பசங்க நல்லா இருக்காங்களா" என்பாய், அதோடு முடிந்துவிடும். ஏழு வருடமாக அப்படித்தானே பேசிக்கொண்டிருக்கிறோம். ஆனால் அது மட்டும் காரணமில்லை. உன் பென்ஸைப் பற்றி அன்றைக்கு நான் சொன்னது உன்னிடம் தனியாகச் சொன்னதல்ல. ஹால் நிறைய ஆட்கள் இருந்தார்கள். நாலு பேர் முன்னால் சொன்னதை நாலு பேர் முன்னால்தான் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். அவர்களில் பாதிப் பேராவது இதைப் படிப்பார்கள். அதனால் சில இடங்களைச் சுருக்கித்தான் எழுதுவேன். எந்த இடங்கள் என்று உனக்குப் புரியும்.

என் பழைய டொயோட்டா கரோலா ஓய்ந்துவிட்டது. 3,12,000 கிலோமீட்டர். இஞ்சின் இன்னும் ஒரே சாவியில் பிடித்துக்கொள்கிறது, அதில் குறையே இல்லை. அடிப்பாகம்தான் போய்விட்டது. வண்டியைத் தூக்கி நிறுத்தி மெக்கானிக் கட்டைவிரலால் ஓர் இடத்தில் அழுத்தினார். தகடு பொரிந்து, விரல் முதல் கணுவரைக்கும் உள்ளே போனது. "இதுக்கு மேல இதுல காசு போடாதீங்க" என்றார். நீ அந்த வண்டியை எனக்குக் கொடுத்த அன்று "ஒரு சாவி என்கிட்டயே இருக்கட்டும், நீ எப்படியும் உள்ள வச்சுப் பூட்டிடுவ" என்றாயே, அதுதான் அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வந்தது. இரண்டு தடவை பூட்டினேன். இரண்டு தடவையும் நீ வந்தாய்.

மூன்று மாதம் நோட்டுப் போட்டுக் கணக்கெழுதினேன். ஒரு பக்கம் புது கரோலா ஹைப்ரிட், பெட்ரோல் இஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டுகிற வண்டி, பின்னால் பெரிய டிக்கி வைத்தது. இன்னொரு பக்கம் இந்த பென்ஸ். இரண்டும் ஏறக்குறைய ஒரே விலையில் வந்து நின்றன. முதல் மூன்று வருடத்தில் ஒரு பென்ஸின் விலை எப்படிச் சரியும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வண்டியின் விலைதான் இறங்கும். டயர் விலையும் பிரேக் டிஸ்க் விலையும் இறங்காது. அந்த ஹைப்ரிடில் தனியாக ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது, ஆல்டர்னேட்டர் கிடையாது, பிரேக் பிடிக்கும்போது பாதி வேலையை மோட்டாரே செய்துவிடுவதால் பேட் சீக்கிரம் தேயாது. கெட்டுப்போவதற்கு அதில் என்ன இருக்கிறது என்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

பாதுகாப்பு என்று ஒரு சாக்கு சொல்லலாமா என்றும் பார்த்தேன். உன் பழைய வாதம்தானே அது. 1978-ல் பென்ஸ் எஸ் கிளாஸில் பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கிற ஏபிஎஸ் வந்தது, 1981-ல் ஏர்பேக் வந்தது, பணக்காரன் வண்டியில் இன்றைக்கு வருவதுதான் நாளைக்கு ஏழை வண்டிக்கு வரும் என்பாய். சரிதான். ஆனால் அந்த நாளை வந்து ரொம்ப நாளாகிவிட்டது, அண்ணா. கரோலாவிலும் எல்லாப் பக்கமும் ஏர்பேக் இருக்கிறது, முன்னால் ஆள் வந்தால் தானே பிரேக் போடுகிறது. இன்றைக்கு நாம் போடுகிற மூன்று முனை சீட் பெல்ட்டை 1959-லேயே வால்வோ தன் வண்டியில் கொண்டுவந்து, அதன் காப்புரிமையை எல்லாரும் செய்துகொள்ளட்டும் என்று திறந்து விட்டுவிட்டது. உயிரைக் காப்பாற்றுகிற விஷயத்தில் இரண்டு வண்டிக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

நோட்டில் எல்லாப் பக்கத்திலும் கரோலாதான் ஜெயித்தது. முதுகு வலிக்கிறது, சீட் நன்றாக இருக்க வேண்டும் என்று வீட்டில் சொன்னேன். தினமும் 90 கிலோமீட்டர் ஓட்டுகிறேன், வலிக்கத்தான் செய்கிறது. அது பாதிக் காரணம்.

மீதிப் பாதி இது. ஓட்டிப் பார்ப்பதற்காக அந்த வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். சீட்டைச் சரி செய்ய வழக்கம்போல் கையைக் கீழே விட்டுத் துழாவினேன். ஒன்றும் அகப்படவில்லை. அப்போதுதான் கதவைப் பார்த்தேன். சீட் மாதிரியே குட்டியாக வடித்த அந்த பட்டன்கள். உட்காரும் பாகம் ஒன்று, சாய்கிற பாகம் ஒன்று, தலைக்கு ஒன்று. அதில் விரல் பட்டதும் என்னால் அதற்கு மேல் பேச முடியவில்லை. கூட வந்த விற்பனைக்காரர் பயந்துபோய் ஜன்னலை இறக்கிவிட்டார்.

2015. என்னை டிஸ்சார்ஜ் செய்த ராத்திரி. எனக்கு வயிற்றில் தையல், நிமிரவும் முடியாது குனியவும் முடியாது. நீ வாசலுக்கு நேராக வண்டியை நிறுத்தி, நாங்கள் வருவதற்கு இருபது நிமிடம் முன்பே இஞ்சினைப் போட்டு சீட்டைச் சூடாக்கி வைத்திருந்தாய். வெளியே கைவிரல் விறைக்கிற குளிர். நான் உட்கார்ந்ததும் முதுகில் பட்ட அந்தச் சூடு, யாரோ அதுவரை உட்கார்ந்திருந்து இப்போதுதான் எழுந்து இடம் கொடுத்த மாதிரி இருந்தது. நீ கதவுக்கு வெளியே குளிரிலேயே நின்றுகொண்டு அந்த பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்தினாய். "போதுமா? இன்னும் கொஞ்சம் சாய்க்கவா? காலுக்கு ஏத்தவா?" உன் மூச்சு புகையாக வந்தது. அப்புறம் பின்னால் போய்க் குழந்தை சீட்டை மாட்டினாய். அதன் அடியில் சிவப்பாக இருக்கும் குறி பச்சையாக மாற வேண்டும். மாறியது. நீ நம்பாமல் மூன்று தடவை இழுத்துப் பார்த்தாய்.

வழியில் இருக்கிற எல்லா வேகத்தடையையும் நீ அன்றைக்கு முன்கூட்டியே ஒரு தடவை ஓட்டிப் பார்த்து வைத்திருக்கிறாய் என்று என் வீட்டுக்காரர் பிறகு சொன்னார். ஒவ்வொன்றிலும் வண்டியை நிறுத்தி, முன் சக்கரம் ஏறி, இறங்கி, பின் சக்கரம் ஏறி, இறங்கி. பின்னால் ஹார்ன் அடித்தார்கள். நீ அசையவில்லை. எனக்குத் தையல் ஒரு தடவைகூட இழுக்கவில்லை, அண்ணா. வீட்டு வாசலில் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்து "தூங்கிட்டான்" என்று மட்டும் சொன்னாய்.

அதையெல்லாம் வாங்கிக்கொண்டவள்தான் மூன்று வருடம் கழித்து, அவனுடைய பிறந்தநாளில், நீ ரயிலில் வந்து இறங்கி நடந்து வந்தபோது அந்த வார்த்தையைச் சொன்னேன். அதை இங்கே திரும்ப எழுத மாட்டேன். கேட்டவர்களுக்கு ஞாபகம் இருக்கும், கேட்காதவர்களுக்குத் தெரிய வேண்டாம்.

எனக்குக் கோபம் வரக் காரணம் இருந்தது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். இந்த ஊருக்கு வந்து நாலு வருடம்கூட ஆகாத நேரத்தில், வேலை நிரந்தரம் ஆகாமல், வட்டி யார் கேட்டாலும் வாயைப் பிளக்கும் அளவில் இருக்கும்போது, நீ ஏன் பென்ஸை லீஸுக்கு எடுத்தாய்? மாதாமாதம் கட்டி, கடைசியில் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வர வேண்டிய வண்டி அது. எனக்குப் பழைய கரோலா, உனக்குப் புது பென்ஸ் என்று சின்னப்பிள்ளைத்தனமாக ஓர் எரிச்சலும் இருந்தது. அது பரவாயில்லை, அது மறைந்துவிட்டது. அம்மாவுக்கு அனுப்ப வேண்டிய உன் பங்கு இரண்டு மாதம் வரவில்லையே, அதுதான் மறையவில்லை. இரண்டு பங்கையும் நான் அனுப்பினேன். காரணம் கேட்டேன். "கொஞ்சம் டைட்" என்றாய். காருக்குக் கட்டினாய், அம்மாவுக்கு அனுப்பவில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். இதற்கு மேல் அம்மா விஷயத்தை இங்கே எழுத வேண்டாம்.

இப்போது நான் கேள்விப்பட்டதைச் சொல்கிறேன். அந்த விற்பனைக்காரர் முதலில் எனக்கும் லீஸ்தான் காட்டினார். தாளைத் திருப்பி வைத்துப் பேனாவால் ஒரு வரியைச் சுட்டினார். வருடத்துக்கு 15,000 கிலோமீட்டர், அதற்கு மேல் ஓட்டினால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தனியாகக் காசு. எனக்கு அந்த எண் எங்கேயோ கேட்டதாக இருந்தது. வீட்டுக்கு வந்து அண்ணியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அண்ணியைத் திட்டாதே, நான் விடாமல் கேட்டதால்தான் உன் கடைசி பில்லைத் தேடி எடுத்து அனுப்பினார். உனக்கும் அதே 15,000 தான். மூன்று வருடத்துக்கு 45,000. நீ ஓட்டியது 71,300.

உன் வீட்டிலிருந்து என் வீட்டுக்கு 140 கிலோமீட்டர். போய்வர 280. அவன் பிறந்த முதல் வருடம் நீ ஒரு வாரம்கூடத் தவறவில்லை. 52 வாரம். நோட்டிலேயே பெருக்கிப் பார்த்தேன். 14,560.

என்னைப் பார்க்க வந்ததிலேயே உன் ஒரு வருடக் கணக்கு தீர்ந்துபோயிருக்கிறது. மீதி 440 கிலோமீட்டரை வைத்துக்கொண்டு நீ வேலைக்குப் போக வேண்டும். அந்த பில்லின் தேதியையும் பார்த்தேன். அம்மாவுக்குப் பணம் வராத முதல் மாதம்.

இதை ஏன் நீ சொல்லவில்லை? இதை நான் கேட்டே தீருவேன். அன்றைக்கு அத்தனை பேர் நடுவில் நான் பேசப் பேச, நீ கையில் பேப்பர் தட்டோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். ஒரு வார்த்தை. "உன்னைப் பார்க்க வந்ததுக்குத்தான் அபராதம் கட்டினேன்" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அங்கேயே உன் காலில் விழுந்திருப்பேன். நீ சொல்லவில்லை. பெருந்தன்மை என்று நினைத்திருப்பாய். ஏழு வருடம் என்னைக் குற்றவாளியாகவும் விடவில்லை, நிரபராதியாகவும் விடவில்லை. நான் சரியாகத்தான் பேசினேன் என்று ஏழு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன், அண்ணா. அது உன்னால் வந்த நம்பிக்கை.

மன்னித்துக்கொள். இதைத்தான் முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும், கை வரவில்லை.

கிளட்ச்சை விடும்போதெல்லாம் வண்டி நின்றுபோய் நான் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்ட அந்த ஞாயிற்றுக்கிழமைகள். நீ, காரைக் கண்டுபிடித்த கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா பென்ஸ் கதையை எடுத்துவிடுவாய். உலகத்தில் முதல்முதலாக காரில் தூரப் பயணம் போனதே ஒரு பெண்தான், 1888-ல், புருஷனிடம் சொல்லாமல், இரண்டு பையன்களையும் ஏற்றிக்கொண்டு. பெட்ரோல் பங்க் என்று ஒன்று இல்லாத காலம். மருந்துக் கடையில் எரிபொருள் வாங்கினாள், குழாய் அடைத்ததற்குத் தொப்பி ஊசியால் குத்தி எடுத்தாள், பிரேக் தேய்ந்ததற்குச் செருப்புத் தைப்பவரிடம் தோல் அடித்து வாங்கினாள். "அவளுக்கு கியர்கூட ஒழுங்கா கிடையாது, நீ இந்தக் கரோலாவுக்கு அழற" என்பாய். ஜெர்மனியில் மான்ஹைமிலிருந்து கிளம்பி அவள் போய்ச் சேர்ந்தது எங்கே என்று நீ ஒரு தடவைதான் சொன்னாய். போர்ட்ஸ்ஹைம். அவளுடைய அம்மா வீடு. நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம்.

நமக்கும் அம்மாவுக்கும் நடுவில் கார் போகிற ரோடு இல்லாமல் போய்விட்டது. இருந்திருந்தால் நீ எந்த லீஸையும் பார்க்காமல் ஓட்டியிருப்பாய். அதை நான் அம்மா போன அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். பக்கத்தில் பக்கத்தில்தான் நின்றோம்.

நான் லீஸ் எடுக்கவில்லை. கையில் இருந்ததைப் போட்டு, மீதிக்குச் சின்னதாக ஒரு லோன். உன்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை, நீ கவலைப்படுவாய் என்று சொல்கிறேன். இந்த வண்டியும் லீஸ் முடிந்து யாரோ திருப்பிக் கொடுத்ததுதான். யார் என்று தெரியாது. டிரைவர் சீட்டின் வெளி ஓரத்தில், ஏறி இறங்கி ஏறி இறங்கித் தோல் பளபளத்துத் தேய்ந்த ஓர் இடம் இருக்கிறது. துடைக்கும்போது அங்கே மட்டும் கை நின்றுவிடுகிறது.

நோட்டுப்படி இது தப்பு. உன்னைப் பேசியவள் வாங்கியிருக்கிறாள் என்று பேசுவார்கள், பேசட்டும். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. உனக்குச் சொல்லத்தான் இருந்தது, சொல்லிவிட்டேன்.

பழைய கரோலாவை அவர்களே எடுத்துக்கொள்கிறார்கள். இரும்பு விலைதான் போட்டிருக்கிறார்கள். புதன்கிழமை வண்டியை ஒப்படைக்கும்போது இரண்டு சாவியும் வேண்டுமாம். ஒன்று என்னிடம் இருக்கிறது.

இன்னொன்றைத் தபாலில் அனுப்பாதே.