இறாலைக் குறை சொல்லும் முன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உதடு வீங்கினால் நம் வீடுகளில் முதல் பழி இறால்மேல்தான் விழும். இறால் இல்லையா, நண்டு. அதுவும் இல்லையென்றால் பாவம், கத்தரிக்காய். தினமும் காலையில் போட்டுக்கொள்ளும் ரத்த அழுத்த மாத்திரையை யாரும் சந்தேகப்படுவதில்லை. சிங்கப்பூரில் பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் உயர் ரத்த அழுத்தம் இருப்பதால் இதை எழுதுகிறேன்.

எனலாபிரில், லிசினோபிரில், பெரிண்டோபிரில் என்று பெயர் 'பிரில்' என முடியும் மாத்திரைகள் உண்டு. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்பவை. லட்சக்கணக்கானோர் தொல்லையில்லாமல் சாப்பிடுகிறார்கள். ஆனால் ஆயிரத்தில் ஒருசிலருக்கு இவற்றால் உதடு, கன்னம், கண் இமை, நாக்கு வீங்கும். உடம்பில் பிராடிகைனின் என்றொரு பொருள் சுரக்கிறது. அதை உடைக்கும் நொதியை இந்த மருந்து தடுப்பதால், அது தேங்கி ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிகிறது. பலருக்கு வரும் அந்த ஓயாத வறட்டு இருமலுக்கும் இதுவே காரணம் என்கிறார்கள்.

என் மாமியார் இந்த மாத்திரையைப் பல வருடமாகச் சாப்பிட்டு வந்தவர். வீக்கம் வந்தபோது, "இத்தனை நாள் ஒன்றும் செய்யாத மருந்து இப்போதா செய்யும்?" என்றார். செய்யும். முதல் சில வாரங்களில் வருவது அதிகம் என்றாலும், வருடங்கள் கழித்தும் வரலாம். பெரும்பாலும் ஓரிரு நாளில் தானே வடிந்துவிடும், சில மாதம் கழித்துத் திரும்ப வரலாம். அதனால்தான் ஏமாந்துபோகிறோம். அவருக்குக் காரணத்தைக் கண்டுபிடித்தது, மருந்துப் பையை வாங்கிப் பார்த்த ஒரு மருந்தாளர்.

அரிப்போ தடிப்போ இல்லாமல் முகம் மட்டும் வீங்கினால் இந்த மாத்திரையை நினைத்துப் பார்க்க வேண்டும். கைவசம் இருக்கும் அலர்ஜி மாத்திரையைப் போட்டுவிட்டுப் படுப்பது சரியல்ல. இந்த வகை வீக்கத்துக்கு அது பெரும்பாலும் கேட்பதில்லை. அடுத்த வேளை 'பிரில்' மாத்திரையைப் போடாமல் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். நாக்கு தடித்தாலோ, குரல் மாறினாலோ, எச்சில் விழுங்க முடியாவிட்டாலோ, மூச்சு முட்டினாலோ 995ஐ அழைத்து ஆம்புலன்ஸை வரவழைக்க வேண்டும். மகன் வேலை முடிந்து வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இதைப் படித்துவிட்டு எல்லா மாத்திரைகளையும் நிறுத்திவிடாதீர்கள். அம்லோடிபின் என்ற வேறு வகை ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் கணுக்கால் வீங்குவதுண்டு. அது வேறு கதை. அடுத்த முறை மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார் அல்லது மருந்தை மாற்றுவார். சில நீரிழிவு மாத்திரைகள், குறிப்பாக வில்டாகிளிப்டின், 'பிரில்' மருந்தோடு சேரும்போது முக வீக்கத்தின் வாய்ப்பு கூடுகிறது. இரண்டு நோயும் உள்ளவர்கள் நம்மிடையே நிறைய என்பதால் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

ஒருமுறை வீங்கியவர் இந்தக் குடும்பத்தின் எந்த மாத்திரையையும் மறுபடி தொடக் கூடாது. பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) அதைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஊருக்குப் போகும்போதுதான் சிக்கல். தமிழ்நாட்டில் ராமிபிரில் வேறு வேறு வணிகப் பெயர்களில் கிடைக்கிறது. அட்டையில் பெரிதாக இருக்கும் பெயரில் பல நேரம் 'பிரில்' இருக்காது, பொடி எழுத்தில்தான் இருக்கும்.

எங்கள் வீட்டுக்கு வரும் மருந்துப் பைகளில் 'உணவுக்குப் பின்', 'தூக்கம் வரலாம்' போன்ற குறிப்புகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. 'பிரில்' மருந்துப் பைகளில், "உதடு, நாக்கு வீங்கினால் உடனே மருத்துவ உதவி பெறவும்" என்று தமிழிலும் ஒரு வரி ஒட்டித் தர முடியுமா என்று சுகாதார அதிகாரிகளை உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, ஈசூன்