நன்றி நவிலல்: ஆள் உயிரோடுதான் இருக்கிறேன்

அன்புடையீர்,

பேப்பரில் 'நன்றி நவிலல்' என்று கட்டம் போட்டு வந்தால் நம் கண் முதலில் செத்தவரின் படத்தைத் தேடும். அப்புறம் 31ஆம் நாள் எப்போது, மதிய போசனம் எங்கே என்று பார்க்கும். அந்தப் பயம் வேண்டாம். எழுதுகிறவன் நானேதான். இடது கணுக்காலில் பிளேட் வைத்து, கொழும்பு வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில், சன்னலோரம் பிளாஸ்டிக் கதிரையில் காலைத் தூக்கிப் போட்டபடி இருக்கிறேன். இங்கிருந்து கடல் ஒரு முழம் தெரியும். மிச்சத்தைப் பக்கத்து ஃபிளாட் மறைக்கிறது.

சோளகம் அடங்கிக் கடல் படிந்த முதல் கிழமை அது. ஐந்து மாதமாகத் தூண்டில் போடாத ஆசையில், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கல்லில் இறங்கினேன். பாசிக்கல்லில் கால் வைக்காதே என்று ஐம்பது வருடத்துக்குக் கிட்ட ஊருக்கெல்லாம் புத்தி சொன்னவன், பாசிக்கல்லிலேயே கால் வைத்தேன். கால் ஒரு பக்கம் போனது, பாதம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது.

முதல் நன்றி, அன்று பத்துப் பதினைந்து அடி தள்ளி ஒரே குடைக்குள் இருந்த அந்தப் பிள்ளைகளுக்கு. குடைக்குள் இருப்பவர்களைப் பார்த்தால் எங்களைப் போன்ற கிழவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவது வழக்கம். நானும் அப்படித்தான் போனேன். விழுந்த சத்தத்துக்கு ஓடி வந்தவர்கள் அவர்கள்தான். தம்பி என்னை முதுகில் சுமந்து தண்டவாளத்தைக் கடத்தி, மரைன் டிரைவில் ஓட்டோ மறித்தார். தங்கச்சி என்மேல் வெயில் படாமல் குடையைப் பிடித்தபடி கூடவே வந்தார். பெயர் கேட்டேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "வேண்டாம் அங்கிள், வீட்டுக்குத் தெரியாது" என்றார் தம்பி. சரி. எந்த லேனுக்கு எதிரே நடந்தது என்பதையும் நான் இங்கே எழுதவில்லை.

இனிக் கல்லில் இறங்கவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஆகவே அந்தக் கல்லில் எனக்கு உதவியவர்களுக்கெல்லாம் சேர்த்தே நன்றி சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன். இத்தனை வருடமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், தூண்டில் போடும் இடத்தில் யாரும் பேசுவதில்லை.

அதை எனக்குச் சொல்லித் தந்தவர் பாஸ். தச்சு வேலை செய்தவர், எல்லோருக்கும் 'பாஸ்'தான். 1976இல் யாழ்ப்பாணத்து இணுவிலிலிருந்து வந்து, பழைய சோனகத் தெருவில் ஒரு இரும்புச் சாமான் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த எனக்கு அப்போது பத்தொன்பது வயது. புகையிலைத் தோட்டத்தில் வளர்ந்தவனுக்குக் கடல் என்றால் கீரிமலைக்குக் குளிக்கப் போவதுதான். ஞாயிற்றுக்கிழமை பொழுது போகாமல் அவர் பின்னால் போய் நின்று, அது என்ன இது என்ன என்று உடைந்த சிங்களத்தில் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர் திரும்பாமலே சொன்ன முதல் வார்த்தை: "கதா கரன்ன எப்பா, மல்லி." பேசாதே தம்பி. பிறகு தன் தங்கூசியை, அதுதான் தூண்டில் நூலை, கழற்றி என் ஆள்காட்டி விரலில் போட்டுவிட்டார். ஓரா கடித்தால் எறும்பு ஊர்வதுபோல இருக்கும், பாரை என்றால் கேட்டுக் கேள்வியில்லாமல் இழுக்கும். அதை வாயால் சொல்லிக் கொடுக்கவே முடியாது.

அந்த ஓராவிடம் நான் வாங்கியதையும் சொல்ல வேண்டும். கொக்கியிலிருந்து கழற்றும்போது முதுகு முள் கட்டைவிரலில் ஏறிவிட்டது. விஷ முள். கடுப்பு தோள் வரைக்கும் ஏறியது, அழுதேவிட்டேன். பாஸ் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் தேத்தண்ணீர் விற்றவரிடம் கேத்தல் தண்ணீரைத் தகரக் குவளையில் ஊற்றச் சொன்னார். முதலில் தன் விரலை விட்டுச் சூடு பார்த்தார். கொஞ்சம் பச்சைத் தண்ணீர் கலந்தார், மறுபடி விட்டுப் பார்த்தார். அப்புறம்தான் என் கையை வைத்தார். அந்த விஷம் சூட்டில்தான் அடங்கும். தண்ணீர் ஆற ஆற இரண்டு முறை மாற்றிக் கொடுத்த தேத்தண்ணீர்க்காரருக்கும் நன்றி. காசு வாங்கவில்லை, ஆனால் அந்த மீனை வாங்கிக்கொண்டார்.

1983 ஜூலை 25, திங்கட்கிழமை. கொழும்பில் தமிழர்களைத் தேடி அடித்த கலவரம். நாங்கள் நாலு பேர் சேர்ந்து தங்கியிருந்த சமறிக்குப் பின்னால் புகை எழும்பியது. மற்ற மூவரும் வேலைக்குப் போயிருந்தார்கள். பாஸ் பின்பக்கத்தால் வந்தார். கையில் தன்னுடைய சாரம் ஒன்று, தூண்டில் சுற்றிய பால்மா டின், இரைப் பை. சாரத்தை உடுக்கச் சொன்னார், டின்னை என் கையில் தந்தார். கல்லோரமாகவே தெகிவளைப் பக்கம் நடந்தோம், மீன்பிடிக்கப் போகிறவர்கள் மாதிரி. நடுவில் ஒரு கூட்டம் தண்டவாளத்தில் நின்றது. என் சிங்களம் என்னைக் காட்டிக் கொடுத்துவிடும் என்று அவருக்குத் தெரியும். மெதுவாகச் சொன்னார்: "கதா கரன்ன எப்பா." ஒருவன் "மீன் கிடைக்குமா பாஸ்?" என்று கேட்டான். "கடல் கலங்கிக் கிடக்கு, பார்ப்போம்" என்று பாஸ் பதில் சொன்னார். நான் கடலைப் பார்த்தபடி டின்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அதன் விளிம்பு உள்ளங்கையை வெட்டியது அன்று இரவுதான் தெரிந்தது.

மூன்று நாள் அவருடைய பட்டறையில், பலகை அடுக்குக்குப் பின்னால். பிறகு பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாம், அங்கிருந்து 'லங்கா கல்யாணி' கப்பலில் காங்கேசன்துறை. 1986இல் வேலை தேடி மறுபடி கொழும்புக்கு வந்தேன். வந்த ஞாயிறே கல்லுக்குப் போனேன். பாஸ் இருந்தார். ஒருச்சாய்த்து இடம் விட்டார், இறாலில் பாதியைப் பிய்த்துத் தந்தார். "பாரை வந்திருக்கு" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இருபத்தாறு வருடம் பக்கத்தில் பக்கத்தில் இருந்து மீன் பிடித்தோம். அந்த மூன்று நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

2012இல் அவர் போனார். செத்த வீட்டில் மூத்த மகன், அப்பாவை உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். வீட்டில் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. ஒன்றாக மீன் பிடித்தோம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அது கோழைத்தனமா மரியாதையா என்று எனக்கே இன்னும் தெளிவில்லை. இந்தப் பகுதியை என் மகள் சிங்களத்தில் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். மகன் வாசிக்கட்டும்.

பௌர்ணமிப் போயா நாளில் பாஸ் தூண்டில் தொடமாட்டார், பன்சலைக்கு, அதுதான் புத்த கோயிலுக்கு, போய்விடுவார். 2004 டிசம்பர் 26 ஞாயிறு, போயாவும்கூட. அன்று தனியாகத்தான் போனேன். காலை ஏழு மணி வாக்கில் தண்டவாளத்தைக் கடக்கும்போது, வாளியும் கையுமாகக் கவனிக்காமல் இறங்கிவிட்டேன். மாத்தறைக் கோச்சி. ஓட்டுநர் ஹோர்னை விடாமல் அடித்தார், நான் துள்ளி விலகினேன். பெட்டி நிறையச் சனம், லீவுக்குப் போகிற முகங்கள். வாசலில் தொங்கிய ஒரு பெடியன் என்னைப் பார்த்துச் சிரித்துக் கை காட்டினான். நானும் காட்டினேன். எட்டரை வரை ஒரு கடியும் இல்லை, அலுத்துப்போய் வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்தக் கோச்சியைத்தான் பெரலியவில் சுனாமி அடித்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் போனார்கள். அதை இழுத்த 591ஆம் இலக்க எஞ்சினைத் திருத்தி மறுபடி ஓடவிட்டார்கள். டிசம்பர் 26 வந்தால் அது பெரலியவுக்குப் போய் நிற்கும். அந்த ஹோர்னுக்கு நான் யாரிடம் போய் நன்றி சொல்வது?

தூண்டிலுக்குப் பாரமாகக் கட்ட, பழைய ஸ்பார்க் பிளக்குகளை எனக்காக டின்னில் போட்டு வைக்கும் ஓட்டோ கராஜ் தம்பிமாருக்கு நன்றி. கல்லிடுக்கில் ஈயக்கட்டியைப் பறிகொடுத்தே நான் கடனாளியாகியிருப்பேன். 2021இல் கொழும்புக் கடலில் கப்பல் எரிந்து, கல்லெல்லாம் ஜவ்வரிசிபோல் பிளாஸ்டிக் மணி ஒதுங்கியபோது, மாதக்கணக்கில் யாரும் மீன் பக்கமே போகவில்லை. அப்போது என் மீனை நம்பி வாங்கிய ஒரே வீட்டுக்காரர் கீழ் மாடியில் இருக்கிறார். நன்றி சேர். உங்கள் பூனைக்குத்தான் கொடுத்தீர்கள் என்பது பிறகு தெரியவந்தது, பரவாயில்லை.

என் மனைவிக்கு நன்றி சொன்னால் சிரிப்பாள். ஊரில் சொந்தக்காரர் "தோட்டக்காரன் பிள்ளைக்குத் தூண்டில் எதுக்கு" என்று நாக்கு வளைத்துக் கேட்டபோது, "சொதி வைக்க" என்று ஒரே வார்த்தையில் வாயை அடைத்தவள் அவள். வெள்ளிக்கிழமை வீட்டில் மரக்கறி. நான் பிடித்த மிகப் பெரிய பாரை, ஆறு கிலோ, வெள்ளிக்கிழமைதான் வந்தது. உள்ளே விடவில்லை. அதைத் தோளில் போட்டுக்கொண்டு பாஸ் வீடு வரை நடந்தேன்.

கடைசியாகத் தம்பி, தங்கச்சி: ஓட்டோவில் குடையை விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். கறுப்புக் குடை, ஒரு கம்பி முறிந்து வெள்ளை நூலால் கட்டியிருந்தது. கம்பியை மாற்றிவிட்டேன். அடுத்த மாதம் ஊன்றுகோலோடு நடக்கலாம் என்கிறார்கள். அப்போதிருந்து பின்னேரம் ஐந்து மணிக்கு வெள்ளவத்தை ஸ்டேஷன் வாங்கில் குடையோடு இருப்பேன். வந்து எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் கேட்கமாட்டேன்.