மழைக்கோட்டை முதல்ல உள்பக்கம் திருப்பிப் பாருங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல மழைக்கு என்ன ஜாக்கெட் வாங்கலாம்னு அரைப்பக்கம் போட்டிருந்தீங்க, எங்க கடைக்கு வந்த ரெண்டு மூணு பேரு அதைக் கையில வச்சுக்கிட்டே கேட்டாங்க, அதான் எழுதுறேன். ராமேஸ்வரம் தீவுல, தங்கச்சிமடத்துல தையல் கடை வச்சிருக்கேன். ஜாக்கெட், சுடிதார், பள்ளிக்கூட யூனிஃபார்ம்தான் தொழில் (எங்க கடையில ஜாக்கெட்னா சேலைக்குப் போடுறது, உங்க தலைப்பைப் பாத்து வீட்டம்மாவே குழம்பிட்டாங்க, அதனால நான் மழைக்கோட்டுன்னே சொல்றேன்). ஆனா ஐப்பசி பொறந்துட்டா போதும், "அண்ணே இது ஒழுகுது, ஒரு தையல் போட்டுக் குடுங்க"ன்னு கோட்டா வந்து குவியும். நான் வாங்க மாட்டேன். தையல் போட்டா இன்னும் ஒழுகும்.

நீங்க லேபிள்ல இருக்குற நம்பரைப் பாத்து வாங்கச் சொல்லியிருந்தீங்க, 5000, 10000ன்னு. தப்பில்ல. துணி மேல குழாயை நட்டுத் தண்ணி ஊத்துற மாதிரி வச்சுக்கங்க, எத்தனை மில்லிமீட்டர் உசரம் வரைக்கும் அடியில கசியாமத் தாங்குதோ அதான் அந்த நம்பர், 5000னா 5 மீட்டர் உசரத் தண்ணி. ஆனா அது துணிக்கு வச்ச பரீட்சை ஐயா, கோட்டுக்கு வச்சது இல்ல. துணியைக் கோட்டாக்கணும்னா ஊசி இறங்கணும்ல. இஞ்ச்சுக்கு 8 தையல்னு வச்சாலும் கழுத்துலேருந்து மணிக்கட்டு வரைக்கும் 32 இஞ்ச், அந்த ஒரு தையல் வரிசையில மட்டும் 256 ஓட்டை, இதுபோக அக்குள், பக்கவாட்டு, தொப்பி, பாக்கெட்டு. நூலும் சும்மா இருக்காது, விளக்குத் திரி எண்ணெயை இழுக்குற மாதிரி தண்ணியை உள்ள இழுக்கும்.

அதனால கடையில கோட்டைக் கையில எடுத்ததும் நான் செய்யுறது என்னன்னா, உள்பக்கத்தை வெளிய திருப்பிருவேன். ஒவ்வொரு தையல் மேலயும் விரல் அகலத்துக்கு ஒரு டேப்பு ஓடணும், சூடு வச்சு ஒட்டுனது, நகத்தை வச்சு நெருடினா ஓரம் தூக்கக் கூடாது. தோள்ல மட்டும் ஒட்டிட்டு அக்குள்ல விட்டுர்றது உண்டு, அங்கதான் யாரும் பாக்க மாட்டாங்கன்னு. நாலு தையல் வந்து கூடுற இடம் இருக்கே, அது அக்குள்ல ஒண்ணு, பேண்ட்டுல தொடை நடுவுல ஒண்ணு, வண்டியில உக்காந்தா மடியில குளம் மாதிரி தண்ணி கட்டும், உடம்பு பாரம் வேற அழுத்தும், அந்தக் கூடுற இடத்துலதான் முதல்ல சில்லுன்னு ஏறும். சந்தேகமா இருந்தா வீட்டுல கோட்டுக் கையோட மணிக்கட்டுப் பக்கத்தை ரப்பர்பேண்டு போட்டு இறுக்கிக் கட்டி உள்ள ஒரு செம்பு தண்ணி ஊத்தி, கால் மணி நேரம் கொடியில தொங்க விடுங்க, தையல் ஓரமா முத்து முத்தா நிக்குதான்னு பாருங்க.

இதை நான் பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். 2024 நவம்பர் 20ந்தேதி மழையை இந்தத் தீவுல யாரும் மறக்க மாட்டாங்க, பாம்பன்ல 3 மணி நேரத்துல 19 சென்டிமீட்டர், ராமேஸ்வரத்துல அன்னிக்கு 40 சென்டிமீட்டருக்கு மேல. நான் பாலத்துக்கு அந்தப் பக்கம் உச்சிப்புளி போயிட்டுத் திரும்புறேன், ஆன்லைன்ல 1800 ரூபாய் குடுத்து வாங்குன கோட்டு, புதுசு. பாம்பன் பாலத்துல மழை மேலேருந்து விழாது ஐயா, பக்கவாட்டுல வரும், வாடைக்காத்துல மண்டபம் போறப்ப வலது தோளு, வர்றப்ப இடது தோளு. பாதிப் பாலம் தாண்டுறதுக்குள்ள இடது அக்குள்லேருந்து இடுப்பு வரைக்கும் ஓடிருச்சு, ஜிப்பு வழியா வேற நெஞ்சுல, உள்பாக்கெட்டுல இருந்த போனு செத்துப் போச்சு. வித்தவங்களுக்கு போன் போட்டுக் கேட்டா "சார், வாட்டர் ப்ரூஃப்னு துணியைத்தான் போட்டிருக்கோம்"ங்குறாங்க. தையக்காரன்கிட்டயே சொல்றாங்க! ஜிப்பு மேல மூடுற பட்டை ஒண்ணு இருக்கும், வெல்குரோ வச்சு ஒட்டுறது, அது ரெண்டு அடுக்கா இல்லாத கோட்டை எங்க ஆளுங்க தொடவே வேண்டாம். ஜிப்போட பல்லும், மேல கீழ இழுக்குற ரன்னரும் பிளாஸ்டிக்கா இருக்கட்டும், இரும்பு ரன்னர் உப்புக்காத்துல ஒரு சீசன்லயே இறுகிப் போகும்.

கோர்டெக்ஸ் வாங்கலாமான்னு ஒரு தம்பி கேட்டான், சிங்கப்பூர்லேருந்து மச்சான் கொண்டு வர்றானாம். நல்ல சரக்குதான், மழைத்துளி நுழையாத, ஆனா வேர்வை ஆவியாப் போற அளவுக்குப் பொடிப்பொடி ஓட்டை உள்ள படலம் அது. ஆனா ஆவி வெளிய போகணும்னா உள்ள இருக்குற புழுக்கம் வெளிய இருக்குறதை விடக் கூட இருக்கணும். மலையில, குளுர்ல சரி, நம்ம ஊர்ல மழை பெய்யுறப்பவே கசகசன்னு இருக்கு, அது எங்க போகும்? அந்தக் காசுக்கு அக்குள்ல ஜிப்பு வச்ச, முதுகுல காத்து போக வழி உள்ள கோட்டு எவ்வளவோ மேல். என்ன வாங்குனாலும் கொஞ்சம் வேர்க்கத்தான் செய்யும்.

கடலுக்குப் போறவங்க கதை வேற. தென்கடலோ வடகடலோ, அவங்களுக்கு கெட்டியான பி.வி.சி. கோட்டுதான், அதுலயும் தைக்காம சூட்டுலயே ஒட்டுனது, ஊசி ஓட்டையே கிடையாது. தொளதொளன்னு வாங்காதீங்க, விஞ்சுல, அதான் வலைக்கயிறு இழுக்குற மெஷின்ல, கயிறு சுத்துறப்ப ஓரம் மாட்டுனா ஆளையே இழுத்துரும். கலரு மஞ்சளோ ஆரஞ்சோ, கருப்பு கருநீலத்துல தண்ணிக்குள்ள விழுந்தவனைத் தேட முடியாது. எங்க ஐயா காலத்துல சாக்கு மூட்டையை மடிச்சு கொங்காணி போட்டுக்கிட்டுக் கரையில நிப்பாங்க, அது நனைஞ்சா பத்து கிலோ கனக்கும்.

இன்னொண்ணு, நனைஞ்ச கோட்டை அப்படியே வண்டி சீட்டுக்கு அடியில திணிச்சு வைக்காதீங்க. போன வருசம் ஒரு அக்கா கொண்டு வந்தாங்க, ஒரு வருசம் சீட்டுக்கு அடியிலயே கிடந்ததாம், மடிப்பைப் பிரிச்சா கல்லுல ஒட்டுன தோசை மாதிரி உள்பூச்சு பிசுபிசுன்னு வருது, இழுத்தா உரியுது, கையெல்லாம் வெள்ளையா ஒட்டிக்கிச்சு. புழுக்கமும் சூடும் அந்தப் பூச்சுக்கு எமன். வீட்டுக்கு வந்ததும் நல்லதண்ணியில உப்புப் போக அலசி நிழல்ல விரிச்சுப் போடணும், சோப்புத்தூள் வேண்டாம், கம்ஃபோர்ட் மாதிரி வாசத் தண்ணி வேண்டவே வேண்டாம், போட்டா மேல உருண்டு ஓடுற தண்ணி துணியோட ஒட்டிக்கும். டேப்பு கொஞ்சம் தூக்கியிருந்தா சீம் சீலர்னு ட்யூப்ல பசை கிடைக்குது, அதை உள்பக்கம் தடவி ஒரு ராத்திரி காய விட்டாப் போதும், என்கிட்ட கொண்டு வர வேண்டியதில்ல.

உங்க பக்கத்துல படம் நல்லா இருந்துச்சு, ஒரு பையன் தொப்பியைப் போட்டுக்கிட்டுச் சிரிச்சுக்கிட்டு நிக்கிறான். அடுத்த தடவை போடுறப்ப அவனைக் கோட்டைக் கழட்டச் சொல்லி, அக்குளைத் திருப்பி ஒரு படம் எடுத்துப் போடுங்க ஐயா.

இப்படிக்கு,
ஒரு தையல்காரர்,
தங்கச்சிமடம்