ஃபேரிங்கும் உன் அவசரமும்

அன்புள்ள சிவா,

கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து வண்டியைக் கிக்கர் உதைத்தே ஸ்டார்ட் செய்கிறாய் என்று படித்ததும் சிரிப்பும் வந்தது, பொறாமையும் வந்தது. உன் மகளுக்கு வேலை கிடைத்த சேதி வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். என் பக்கம் பெரிதாக ஒன்றுமில்லை. கண்ணுக்குக் கண்ணாடி மாற்றினேன். பெரியவன் தனிக்குடித்தனம் போய்விட்டதால் பின்பக்க ஷெட் எனக்கே எனக்கு என்று ஆகிவிட்டது. நாளெல்லாம் அங்கேதான் உருட்டிக்கொண்டிருக்கிறேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். ஃபேரிங்குக்கு, அதாவது பைக்கை மூடியிருக்கிற பிளாஸ்டிக் பேனல்களுக்கு, வீட்டிலேயே ஸ்ப்ரே டின் வைத்துப் பெயிண்ட் அடித்தால் நிற்குமா, ஆறு மாதத்தில் உரிந்து மானத்தை வாங்குமா? நிற்கும். ஒழுங்காகச் செய்தால் கடையில் கொடுத்து அடித்ததா என்று கேட்கிற அளவுக்கு வரும். எனக்குள்ள ஒரே சந்தேகம் உன்மேல்தான். பசை காய்வதற்குள் பட்டத்தை ஏற்றி, வால் தனியாகவும் பட்டம் தனியாகவும் பறக்கவிட்டவன் நீ.

ஏன் சொல்கிறேன் என்றால், ஸ்ப்ரே கன் வைத்திருக்கிற பெயிண்டர் காற்றழுத்தத்தைக் கூட்டுவார், குறைப்பார், தின்னரை மாற்றுவார், விசிறலின் அகலத்தைத் திருகி வைத்துக்கொள்வார். டின்னில் அதெல்லாம் கம்பெனியிலேயே முடிவாகி வந்துவிடுகிறது. நம் கையில் மிச்சம் மூன்றுதான்: எவ்வளவு தூரத்தில் பிடிக்கிறோம், எவ்வளவு வேகமாகக் கையை ஓட்டுகிறோம், அடுத்த கோட்டுக்கு, அதாவது அடுத்த பூச்சுக்கு, எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம். முதல் இரண்டும் பழைய அட்டைப்பெட்டியில் ஒரு மணி நேரம் அடித்துப் பார்த்தால் வந்துவிடும். மூன்றாவதுதான் உனக்குக் கண்டம்.

பேனல்களை வண்டியிலேயே வைத்துச் சுற்றிலும் பேப்பர் ஒட்டி அடிக்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம், கழற்று. கழற்றியதும் உட்பக்கத்தைப் பார். அச்சிலேயே சின்ன எழுத்தில் பிளாஸ்டிக்கின் பெயர் இருக்கும். ஏபிஎஸ் என்று இருந்தால் கவலையில்லை, பெயிண்ட் நன்றாகப் பிடிக்கும். பிபி என்று இருந்தால் அது பாலிபுரோப்பிலீன். அதன்மேல் எந்தப் பெயிண்டும் ஒட்டாது. முதலில் பெயிண்டைப் பிடிக்கவைப்பதற்கென்றே விற்கிற அட்ஹீஷன் புரமோட்டரை அடித்தாக வேண்டும். சொரசொரப்பான கறுப்பு உள்தடுப்புகளும் மட்கார்டும் பெரும்பாலும் இந்த ரகம்தான். அவற்றைக் கறுப்பாகவே விட்டுவிடு என்பதுதான் என் யோசனை.

பேனலில் போல்ட் மாட்டுகிற காது ஒன்று உடைந்துபோய் இருப்பதாக எழுதியிருந்தாய். ஏபிஎஸ் என்றால் அதே பிளாஸ்டிக்கின் துண்டுகளை அசிட்டோனில் ஊறவைத்துக் கூழாக்கி விரிசலில் வைத்தால் இரண்டும் உருகி ஒன்றாகிவிடும். சாதாரணப் பசையைவிட இது எவ்வளவோ மேல். மேலே தொட்டுப் பார்த்தால் சீக்கிரமே காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே அசிட்டோன் இருந்துகொண்டே இருக்கும். அது வெளியேறும் முன் பெயிண்டால் மூடினால் பிறகு அங்கே அமுங்கும், இல்லையென்றால் கொப்புளிக்கும். இரண்டு மூன்று நாள் அதை மறந்துவிடு. பிபி அசிட்டோனில் கரையாது. அதை வெல்டிங்தான் செய்ய வேண்டும்.

பழைய பெயிண்ட் முழுவதையும் சுரண்டி எடுக்கப் போகிறேன் என்று எழுதியதைப் பார்த்துப் பதறிவிட்டேன். எதற்கடா? உரியாமல் கெட்டியாக இருக்கிற கம்பெனிப் பெயிண்டைவிட நல்ல அஸ்திவாரம் கிடையாது. பெயிண்ட் ரிமூவரைப் பக்கத்திலேயே கொண்டுவராதே, அது பெயிண்டோடு சேர்த்து ஏபிஎஸ்ஸையும் தின்றுவிடும். உரிந்த இடத்தின் விளிம்பை மட்டும் 320 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, விரல் வைத்தால் படி தட்டாதபடி சரிவாக்கு. மற்ற இடங்களில் பளபளப்பு போனால் போதும். அதற்கு 400 நம்பர் வாட்டர் பேப்பர், தண்ணீர் தொட்டு. ஸ்டிக்கர்களை ஹேர் டிரையரால் சூடு காட்டினால் தானாக உரிந்து வரும்.

ஆனால் தாளை எடுப்பதற்கு முன்பே கழுவிவிட வேண்டும். பாத்திரம் கழுவுகிற சோப்புத் தண்ணீரில் ஒரு முறை, காய்ந்ததும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைப்பது ஒரு முறை. நீ இத்தனை வருடமாகப் பளபளப்புக்கு அடித்தாயே ஒரு பாலிஷ், அதில் சிலிக்கோன் இருக்கும். கழுவாமல் தேய்த்தால் அதைக் கீறல்களுக்குள் நாமே தேய்த்து இறக்கியதாகும். அப்புறம் பெயிண்ட் அடிக்கும்போது அங்கங்கே வட்ட வட்டமாக விலகிக்கொண்டு, கீழே உள்ளது தெரியும். மேலே எத்தனை கோட்டு அடித்தாலும் அந்த வட்டம் மூடாது. கழுவிய பிறகு வெறும் கையால் தொடாதே. விரலின் எண்ணெய்ப் பசையே போதும் கெடுப்பதற்கு.

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் பிரைமர் என்கிற அடிப்பூச்சுக்குப் பிறகு வருவது. சாம்பல் நிற ஃபில்லர் பிரைமர் இரண்டு மூன்று கோட்டு அடித்துக் காயவிடு. அதன்மேல் ஏதாவது ஒரு கறுப்பு டின்னை எட்டத்தில் பிடித்து லேசாகத் தூவு. மூட வேண்டாம், புள்ளி புள்ளியாக விழுந்தால் போதும். பிறகு ரப்பர் கட்டையில் 600 நம்பர் தாளைச் சுற்றி, தண்ணீர் விட்டுத் தேய். மேடான இடங்களில் கறுப்பு உடனே போய்விடும். பள்ளத்தில் மட்டும் நிற்கும். கண்ணுக்கும் விரலுக்கும் தெரியாமல் இருந்த கீறல், கல் பட்ட குழி, போன வருடம் வண்டி சாய்ந்தபோது பட்ட உரசல் எல்லாம் கறுப்புக் கோடாகவும் பொட்டாகவும் எழுந்து வந்து நிற்கும். பொட்டு நிற்கிற இடத்துக்கு மட்டும் கொஞ்சம் பட்டி பார்த்து, திரும்பப் பிரைமர், திரும்பக் கறுப்புத் தூவல். ஒரு பொட்டும் மிஞ்சாமல் சாம்பல் நிறம் மட்டும் ஒரே சீராகத் தெரியும்போது அந்தப் பேனல் தயார். விளிம்புகளில் மட்டும் கையை அழுத்தாதே. கண் மூடித் திறப்பதற்குள் பிளாஸ்டிக் வரைக்கும் போய்விடும்.

நிறத்தில் உனக்கும் எனக்கும் சண்டை வரப்போகிறது. வண்டியோடு வந்த அதே வெள்ளி கலந்த நீல மெட்டாலிக்தான் வேண்டும் என்கிறாய். நான் சொல்வது, சாதா நீலம் போதும். மெட்டாலிக்கில் இருப்பது அலுமினியத் துகள். பெயிண்ட் ஈரமாக இருக்கும்போது அந்தத் துகள்கள் எப்படிப் படிகின்றனவோ அதைப் பொறுத்துத்தான் நிறம் வெளுப்பாகவோ இருட்டாகவோ தெரியும். ஒரு இடத்தில் கனமாகவும் பக்கத்தில் லேசாகவும் அடித்தால் திட்டுத் திட்டாகக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு பேனலைத் தரையில் படுக்கவைத்தும் இன்னொன்றைத் தொங்கவிட்டும் அடித்தால், வண்டியில் பொருத்தியதும் இரண்டும் இரண்டு வண்டியின் பேனல் போலத் தெரியும். அப்படியும் மெட்டாலிக்தான் என்றால், எல்லாப் பேனல்களையும் வண்டியில் நிற்கிற வாக்கிலேயே கம்பியில் தொங்கவிட்டு, ஒரே நாளில், ஒரே வரிசையில் அடி. கடைசிக் கோட்டைக் கொஞ்சம் எட்டத்தில் இருந்து பனி மாதிரித் தூவு. கலர் கோடு, அதாவது கம்பெனி அந்த நிறத்துக்குக் கொடுத்த எண், பெரும்பாலும் சீட்டுக்கு அடியிலோ சேஸிலோ ஒட்டியிருக்கிற சின்னச் சீட்டில் இருக்கும். அந்த எண்ணைக் கொடுத்தால் கலந்து டின்னில் அடைத்துத் தருவார்கள். ஆனால் கலர் கோடு புது வண்டியின் நிறத்துக்கு. வெயிலில் வெளுத்த உன் டேங்க்கோடு அது எப்படிச் சேரும்?

அடிக்கிற விதம் உனக்குத் தெரியாதது இல்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். டின்னைக் கொஞ்ச நேரம் வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தி வை. அழுத்தம் சீராகும், பொடியாக விழும். கொதிநீரோ அடுப்போ கூடாது. 50 டிகிரிக்கு மேல் சூடு படக்கூடாது என்று டின்னிலேயே எழுதியிருக்கும், உள்ளே இருப்பது தீப்பிடிக்கிற வாயு. டின்னுக்குள் குண்டு உருளுகிற சத்தம் கேட்க ஆரம்பித்த பிறகும் இரண்டு நிமிடமாவது குலுக்கு. 20 முதல் 25 சென்டிமீட்டர் தூரம். பேனலின் விளிம்புக்கு வெளியே அழுத்த ஆரம்பித்து, குறுக்கே போய், அந்தப் பக்க விளிம்பைத் தாண்டியபின் விரலை எடு. அடுத்த ஓட்டம் முந்தையதில் பாதியை மூடட்டும். மணிக்கட்டை விசிறி மாதிரி ஆட்டாமல் கையை முழுதாக நகர்த்து.

முதல் கோட்டு பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். அடியில் பிரைமர் தெரியும். அங்கேதான் கை பரபரக்கும், இன்னொரு சுற்று அடித்து மூடிவிடலாமே என்று. நம் நெட்டையன் அதைத்தான் செய்தான். பக்கவாட்டுப் பேனலில் மேலிருந்து கீழ்வரை கண்ணீர் வடிந்த கோலம். பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு விட்டு, நாலைந்து மெல்லிய கோட்டு. சிவப்பு, மஞ்சள் என்றால் இன்னும் கூட ஆகும், அவற்றுக்கு மூடுகிற சக்தி குறைவு.

டின்னில் எழுதியிருக்கும் இன்னொன்றையும் படி: அடுத்த கோட்டை ஒரு மணி நேரத்துக்குள் அடி, தவறினால் ஒன்றிரண்டு நாள் கழித்து அடி என்கிற மாதிரி. எனாமல் வகைகளில் இது விளையாட்டு இல்லை. இடைப்பட்ட நேரத்தில் அடித்தால் அரைகுறையாக இறுகிய அடிக்கோட்டுக்குள் புதுத் தின்னர் புகுந்து, மேல்பரப்பு முழுதும் சுருக்கம் விழுந்துவிடும். பிரைமர், நிறம், அதற்கு மேல் அடிக்கிற நிறமில்லாத கிளியர் மூன்றையும் ஒரே கம்பெனியில் வாங்குவதும் இதற்குத்தான். மழைக்காலத்து ஈரக்காற்றிலும் அடிக்காதே. தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, பால் ஊற்றிய மாதிரி வெளுப்பாகிவிடும்.

நடுவில் ஒன்று. இந்த டின் பெயிண்டுக்கு 1949-இல் வழி கண்டுபிடித்தவர் எட்வர்ட் சீமோர் என்கிற அமெரிக்கர். அவர் அலுமினியப் பெயிண்டைக் காட்டி விற்க எளிதான வழி தேடியபோது, டின்னில் அடைத்துப் பார் என்று யோசனை சொன்னது அவர் மனைவி போனி. இதை என் வீட்டு அம்மாளிடம் சொல்லித் தொலைத்தேன், இப்போது ஷெட்டில் எனக்கு யோசனை சொல்ல ஆள் இருக்கிறது.

கிளியர் கோட்டில் மட்டும் சிக்கனம் பார்க்காதே. சாதாரண டின் கிளியர், அதை 1கே என்பார்கள், வெறுமனே காய்கிறது, அவ்வளவுதான். பெட்ரோல் சிந்தினால் மங்கும், பிசுபிசுக்கும். 2கே டின்னில் அடியில், பெயிண்டை இறுகவைக்கிற ஹார்டனர் தனி அறையில் இருக்கும். அடிப்பக்கப் பொத்தானை அழுத்தி உடைத்துக் குலுக்கினால் இரண்டும் கலந்து ரசாயனமாக இறுகும். பெட்ரோலும் தாங்கும், வெயிலும் தாங்கும். உடைத்த டின்னை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும், ஓரிரு நாளில் உள்ளேயே இறுகிவிடும்.

சிவா, இதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. அந்த ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். நுரையீரலுக்கு அது ஒத்துக்கொள்ளாமல் போனால் ஆஸ்துமா வரும். ஒரு முறை அப்படி ஆகிவிட்டால் அதன்பிறகு கொஞ்சம் பட்டாலே மூச்சு முட்டும். வாசனையை வைத்து உஷாராக முடியாது. தூசிக்குப் போடுகிற என்95 மாஸ்க் ஆவியைத் தடுக்காது. ரசாயன ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் மாட்டிய முகமூடி, கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை, நாலு பக்கமும் திறந்த இடம். இதில் ஒன்று குறைந்தாலும் 2கே வேண்டாம், 1கே அடித்துவிட்டுப் பெட்ரோல் போடும்போது ஜாக்கிரதையாக இரு. உனக்குச் சின்ன வயதில் இழுப்பு இருந்தது எனக்கு மறக்கவில்லை. உன்னிடம் கேட்டால் நான் 1கேதான் சொல்வேன். இல்லையென்றால் நிறம்வரைக்கும் நீ அடித்துவிட்டு, கிளியருக்கு மட்டும் பெயிண்டரிடம் கொடு. அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. கொடுப்பதற்கு முன் நீ அடித்த பெயிண்ட் எந்த வகை என்று அவரிடம் சொல்லிவிடு, அவருடைய கிளியர் அதைச் சுருக்கிவிடக் கூடாது.

ஈரத்தில் பூச்சி வந்து உட்கார்ந்தால் விரட்டப் போகாதே. முழுதாக இறுகிய பிறகு 2000 நம்பர் தாளில் தேய்த்து, காம்பவுண்ட் போட்டுப் பாலிஷ் செய்தால் இடமே தெரியாது. 1கே முழுதாக இறுக வாரக்கணக்கில் ஆகலாம். கையில் காய்ந்துவிட்டது என்று அடுத்த நாளே போல்ட்டை முறுக்கினால் வாஷரடியில் பெயிண்ட் பிதுங்கும். பேனல் ஷெட்டில் தொங்கட்டும், நீ அதுவரை வெறும் வண்டியை ஓட்டு.

முதலில் பேனலின் உட்பக்க எழுத்தையும் கலர் கோடையும் படம் எடுத்து அனுப்பு. அதைப் பார்த்துவிட்டு எத்தனை டின் வேண்டும் என்று சொல்கிறேன். அதுவரை ஒன்றும் வாங்காதே. தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
மணி

பி.கு.: டேங்க்கை இதோடு சேர்த்து ஆரம்பித்துவிடாதே. அது இரும்பு, பிரைமரே வேறு. காலி செய்த டேங்க்கிலும் பெட்ரோல் ஆவி இருக்கும். அதற்குத் தனியாக எழுதுகிறேன்.